உடன்பட்டவர்க்கும் வினை உண்டோ?

சென்ற கோடை விடுமுறையில், கல்லூரியில் வரலாறு பயிலும் நம் பேத்தி படப்பையில் உள்ள நம் இல்லத்திற்கு வந்து பத்து நாள் தங்கியிருந்தாள். ஒருநாள் பொழுது சாயுமுன் உணவருந்திச் சாமாயிகமும் முடித்து நாம் அமர்ந்திருந்த வேளையில், தன் கணிப்பொறியில் ஓர் ஆவணப்படத்தைக் காட்டினாள். பிரெஞ்சு இயக்குநர் அலேன் ரெனே 1955ஆம் ஆண்டில் எடுத்து முடித்த ‘இரவும் மூடுபனியும்’ என்னும் படம் அது. ஓடும் நேரம் அரைமணிக்குச் சற்றே கூடுதல். இட்லரின் ஆட்சியில் யூத மக்கள் உள்ளிட்ட எண்ணற்றோர் அடைத்து வைத்துக் கொல்லப்பட்ட முகாம்களைப் பற்றியது. கண்டு முடிக்க நமக்கு மனவலிமை வேண்டியிருந்தது.

அப்படத்தில் ஒரு நிழற்படம் சில நொடிகள் வந்து போகிறது. பிரான்சு நாட்டில் பித்திவியே என்னும் ஊரில் இருந்த முகாம் அது. ஓரத்தில் காவலர் ஒருவர் நின்று முகாமைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் தலையில் இருப்பது செர்மானியத் தொப்பி அன்று. பிரெஞ்சுக் காவலரின் தொப்பி. படம் வெளிவர வேண்டுமானால் அந்த ஒரு காட்சியை நீக்க வேண்டும் என்று பிரெஞ்சுத் தணிக்கைக் குழுவினர் வற்புறுத்தினர். பிணக்குவியல்களைவிட ஒரு தொப்பி அவர்களை அச்சுறுத்தியது! முடிவில் அத்தொப்பியின்மேல் ஒரு மரச்சட்டம் போல வரைந்து மறைத்த பின்னரே 1956இல் படம் திரைக்கு வந்தது. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே மறைப்பு நீங்கிய படத்தை மக்கள் காண முடிந்தது.

இவற்றையெல்லாம் விளக்கிய பேத்தி, பிறகு கேட்டாள்: “பாட்டி, அந்தக் காவலர் யாரையும் அடிக்கவில்லையே. நின்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? அவருக்கும் பாவம் உண்டா?”

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வினாக்களுக்கு விடை சொல்லிப் பழகிய நமக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. அதன் காரணத்தை இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்வோம். அன்று அவளிடம் சொல்லாத விடையைத்தான் இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில் அக்காவலர் யாருக்கு உதவினார் என்பதை அறிதல் வேண்டும். 1940இல் பிரான்சு தோற்றுப் பாரிசு நகரம் செர்மானியர் கைக்குச் சென்றது. அவ்வாண்டே பாரிசில் வாழ்ந்த யூதர் அனைவரும் காவல் நிலையங்களில் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என ஆணை பிறந்தது. பதிந்தவர்களின் பெயர், முகவரி, தொழில், பிறந்த நாடு ஆகியவற்றை அட்டைகளில் எழுதி, அகரவரிசையிலும் தெருவரிசையிலும் அடுக்கி வைத்தவர்கள் பிரெஞ்சுக் காவல்துறையின் எழுத்தர்கள். நேர்த்தியான வேலை. 1942 சூலை 16, 17 ஆகிய இரு நாள்களில் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சுக் காவலர்கள் வீடு வீடாகச் சென்றனர். ஏறத்தாழ 13,000 பேர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் குழந்தைகள். குடும்பத்தோடு பிடிபட்டவர்களை ஒரு மிதிவண்டிப் பந்தய அரங்கில் அடைத்தனர். அங்கிருந்து பித்திவியே போன்ற முகாம்களுக்கும், பின்னர் ஆஷ்விட்சுக்கும் அனுப்பினர். அக்குழந்தைகளுள் மீண்டவர் அரியர். எழுதியவர் எவரையும் கொல்லவில்லை; கதவைத் தட்டியவரும் கொல்லவில்லை; இரயிலை ஓட்டியவரும் கொல்லவில்லை. ஆயினும் ஏறத்தாழ எல்லோரும் கொல்லப்பட்டனர்!

குளோத் லான்ஸ்மான் என்பவர் 1985இல் வெளியிட்ட ‘ஷோவா’ என்னும் படம் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் ஓடுவது. பிணங்களின் பழைய காட்சி ஒன்றுகூட அதில் இல்லை. தப்பியவர், பார்த்தவர், செய்தவர் ஆகியோரின் பேச்சு மட்டுமே உண்டு. அதில் இரயில்வே அதிகாரி ஒருவர் வருகிறார். போர்க்காலத்தில் போலந்தில் சிறப்பு இரயில்களின் கால அட்டவணையை வகுத்தவர். தாம் மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை என்றும், அந்த இரயில்கள் சென்ற இடத்தில் என்ன நடந்தது என்பது தமக்குத் தெரியாது என்றும் கூறுகிறார். அடுத்து வரலாற்றறிஞர் ரவுல் ஹில்பெர்க் அக்காலத்து இரயில்வே ஆவணம் ஒன்றைக் காட்டி விளக்குகிறார். கொல்லப்படச் சென்றவர்களுக்கும் பயணக் கட்டணம் கணக்கிடப்பட்டது. பத்து வயதுக்குட்பட்டோர்க்குப் பாதிக் கட்டணம். நான்கு வயதுக்குட்பட்டோர்க்கு இலவசம். காவலாகச் சென்றோர்க்கு மட்டுமே திரும்பி வரும் சீட்டு. மற்றவர்க்குப் போகும் வழிச் சீட்டு போதுமானதாயிருந்தது.

இதைக் கேட்டபோது பேத்தி, “நம் நாட்டில் யூதர்களுக்கு இப்படி நேர்ந்ததே இல்லையே, பாட்டி” என்றாள். உண்மைதான். கொச்சியில் அவர்கள் 1568இல் எழுப்பிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி மன்னரின் அரண்மனை அதற்கு அண்மையிலேயே உள்ளது. அதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அப்பெருமையோடு நின்றுவிட்டால், அயலார் வீட்டு அழுக்கைக் கண்டு நம் வீடு தூயது என்று எண்ணுவது போலாகும். எனவே அவளிடம் வாச்சாத்தியைப் பற்றிக் கேட்டோம். அவள் அறிந்திருக்கவில்லை. அவள் பிறப்பதற்கு முன் நடந்தது அது.

தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் வாச்சாத்தி. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 சூன் 20ஆம் நாள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறைகளைச் சேர்ந்த 269 பேர், கடத்தப்பட்ட சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லி அவ்வூருக்குள் நுழைந்தனர். ஊர் மக்கள் ஆலமரத்தடிக்கு இழுத்து வரப்பட்டு அடிக்கப்பட்டனர். 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். அவர்களுள் பள்ளிச் சிறுமியும் ஒருத்தி. வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடுமாடு கோழிகள் கொல்லப்பட்டன, கிணறும் கெடுக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். ஊர் வெறுமையாயிற்று.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் இதை வெளிக்கொணர்ந்தனர். முதலில் நம்புவார் இல்லை. அரசு ஊழியர் இவ்வாறு செய்வரோ என்று படித்தவர்களே ஐயுற்றனர். நாமும் நாளிதழில் படித்துவிட்டு, ‘மிகைப்படுத்தி எழுதுகிறார்கள்’ என்று மடித்து வைத்தோம். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் 1995இல்தான் சென்றது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி தீர்ப்புரைத்தார். அவர்களுள் 17 பேர் பெண்களைச் சிதைத்த குற்றத்திற்காகவும், ஏனையோர் வேறு குற்றங்களுக்காகவும் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி 2023இல் தாமே அவ்வூருக்குச் சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தண்டனையை உறுதி செய்தார். அத்தோடு நில்லாமல், 1992இல் பொறுப்பில் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு ஆணையிட்டார். உண்மையான கடத்தல்காரரைக் காப்பதற்காக எளியோர் பலியாக்கப்பட்டனர் என்றும் தீர்ப்பு கூறியது.

வாச்சாத்தி மக்களின் சொல்லைப் பதிவு செய்து ‘உண்மையின் போர்க்குரல் வாச்சாத்தி’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தவர் பாரதி கிருஷ்ணகுமார். 1968 திசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் ஒரே குடிசையில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட கொடுமையை ‘ராமையாவின் குடிசை’ என்னும் படமாக ஆக்கியவரும் அவரே. இத்தகைய படங்கள் நமக்கும் தேவைப்படுகின்றன என்பதே நாணத்தக்க செய்தி.

இனி வினாவுக்கு வருவோம். நின்று பார்த்தவருக்கும், எழுதிக் கொடுத்தவருக்கும் வினை உண்டோ?

இதற்கு விடை தேடி நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை. சிறு வயதில் செபமாலை உருட்டும்போது, மணிகள் ஏன் நூற்றெட்டு என்று நம் தாயாரைக் கேட்டதுண்டு. அவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் சொல்லப்படும் கணக்கைக் கூறினார். தீவினைக்கு நிலைகள் மூன்று: எண்ணுதல், அதற்கான கருவிகளைக் கூட்டுதல், செயலைத் தொடங்குதல். வாயில்கள் மூன்று: மனம், மொழி, மெய். முறைகள் மூன்று: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல். தூண்டுவன நான்கு: வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்று. இவற்றைப் பெருக்கினால் நூற்றெட்டு. ஒவ்வொரு மணியும் வினை நம்முள் நுழையும் ஒரு வாயில் என்பார் தாயார்.

இக்கணக்கை இப்போது எண்ணிப் பார்க்கும்போது வியப்பு மேலிடுகிறது. ‘கையால் செய்தவன் யார்?’ என்று மட்டும் கேட்பது எளிது. நம் ஆசாரியரோ கருவி கூட்டுதலைத் தனி நிலையாகவும், உடன்படுதலைத் தனி முறையாகவும் வைத்தார். பாரிசின் எழுத்தர் அடுக்கிய அட்டை கருவி கூட்டுதல் அன்றி வேறென்ன? கால அட்டவணை வகுத்ததும் அதுவே. வாச்சாத்திக்கு வண்டிகளை ஏற்பாடு செய்ததும் அதுவே. அறிந்தும் வாளாவிருந்த மேலதிகாரி மூன்றாம் முறையில் அடங்குவார். தொப்பியணிந்து நின்ற காவலரும் அவ்வாறே.

ஆயினும் இவர்கள் சார்பில் சொல்லப்படும் காரணங்களையும் கேட்டல் வேண்டும். பிறர் நிற்கும் இடத்தில் நின்று பார்க்கக் கற்பிக்கும் அநேகாந்தம் நம்முடையது அல்லவா?

‘மேலிடத்து ஆணை, மீறினால் பிழைப்பு போகும்’ என்பது முதற் காரணம். இது பொய்யன்று. குடும்பம் உள்ளவருக்கு அச்சம் உண்டு. அச்சத்தால் செய்தவருக்கும் செருக்கால் செய்தவருக்கும் வினையின் அளவு வேறுபடலாம். ஆனால் வினையே இல்லை என்றாகாது. மேலும், வேறு வழியே இல்லை என்பதும் உண்மையன்று. பிரான்சில் நான்சி என்னும் நகரில் அயல்நாட்டார் பிரிவின் காவல் அதிகாரியாயிருந்தவர் எதுவார் விஞ்ஞரோன். 1942 சூலையில் யூதரைப் பிடிக்க ஆணை வந்தவுடன் அவரும் உடன் பணியாற்றியோரும், தம் கையிலிருந்த அதே பெயர்ப்பட்டியலைக் கொண்டு வீடு வீடாகச் சென்று, “இன்றிரவு இங்கு இராதீர்கள்” என்று எச்சரித்தனர். முந்நூற்றுக்கு மேற்பட்டோர் தப்பினர். பாரிசில் உயிர் பறித்தது போன்ற பட்டியல் நான்சியில் உயிர் காத்தது. நம் நாட்டிலும் அவ்வாறே. தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியாயிருந்த பாமதி அம்மையார் வாச்சாத்திக்குச் சென்று, அப்பெண்களின் சொல்லைக் கேட்டு உள்ளதை உள்ளவாறு அறிக்கையாக எழுதினார். அவரும் அரசு ஊழியரே.

‘எனக்குத் தெரியாது’ என்பது இரண்டாவது காரணம். தெரியாமை வேறு, தெரிந்துகொள்ள மறுத்தல் வேறு. போகும் வழிச் சீட்டு மட்டும் எழுதுகிறவருக்குத் திரும்பும் சீட்டு ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றாதா? கேட்டால் விடை தெரிந்துவிடும் என்பதனாலேயே கேட்காதிருந்தார்.

‘பழையதைக் கிளறுவானேன்? பொறுத்தலே அறம்’ என்பது மூன்றாவது. நம்மவர் பலர் மனமாரச் சொல்வது இதுவே. ஆதலின் மதிப்போடு விடை கூற வேண்டும். பொறுத்தல் நம் அறம் என்பதில் ஐயமில்லை. ஆண்டுதோறும் பருவ நாள்களின் முடிவில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். ஆனால் அவ்வேண்டுதலுக்கு முன் நாம் செய்வது யாது? செய்த குற்றத்தை எண்ணி, பெயர் சொல்லி, குருவின் முன் வெளியிடுகிறோம். அதனை ஆலோசனை என்கிறோம். பின்னரே பிரதிக்கிரமணம். சொல்லப்படாத குற்றத்தைப் பொறுத்தல் இயலாது; மறத்தலே இயலும். மார்செல் ஒபுல்ஸ் 1969இல் எடுத்த ‘துயரமும் இரக்கமும்’ என்னும் படம், தம் நாட்டார் பலர் பகைவரோடு ஒத்துழைத்ததை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தது. பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சி அதனை 1981 வரை காட்டவில்லை. ஆயினும் இத்தகைய படங்களும் நூல்களும் வழக்குகளும் சேர்ந்து மெல்ல மெல்ல மனச்சான்றைத் தட்டின. 1995 சூலை 16ஆம் நாள் குடியரசுத் தலைவர் ழாக் சிராக், அக்கொடுமைக்குப் பிரெஞ்சு அரசும் துணை நின்றது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு நாடு செய்த ஆலோசனை அது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

படம் எடுப்பவருக்கும் அறம் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். லான்ஸ்மான் சிலரை மறைவான கருவியால் படம் பிடித்தார். பெயரை வெளியிடேன் என்று ஒருவருக்குக் கொடுத்த வாக்கையும் காக்கவில்லை. வாய்மையை வெளிக்கொணரப் பொய் கூறலாமோ? பேத்தி ‘ஆம்’ என்றாள். நமக்கு அவ்வளவு எளிதில் சொல்ல முடியவில்லை. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் பொய் பொய்யே. அவ்வினையை அறிந்தே அவர் சுமந்தார் என்று கொள்வோம். தாமே முன்வந்து சொல்பவர் ஒருவராவது இருந்தால் மறைவான கருவிக்குத் தேவை இராது அல்லவா?

செஞ்சி நாயக்கர் காலத்தில் நம் முன்னோர் பட்ட துன்பத்தைச் சிறு வயதில் கதையாகக் கேட்டிருக்கிறோம். உயிருக்கு அஞ்சி நீறணிந்து வாழ்ந்தவர்களின் வழியினரை ‘நீர்பூசி நயினார்’ என்று இன்றும் வழங்குகிறோம். அக்கதையைச் சொன்ன பெரியோர் எவரும் மன்னனையன்றி மற்றொருவரைக் குறிப்பிட்டதில்லை. ஆனால் எந்த ஊரில் எந்த வீடு சமணர் வீடு என்று மன்னனா அறிவான்? யாரோ ஒரு கணக்கர் குறித்துக் கொடுத்திருப்பார். துன்புற்றவரின் வழியில் வந்த நாம் அந்தக் கணக்கரை நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அவர்பால் பகை கொள்வதற்காக அன்று, அவராக நாம் ஆகிவிடாமல் இருப்பதற்காக.

ஆகிவிட்டோமோ என்ற அச்சத்தினால்தான் அன்று பேத்திக்கு விடை சொல்ல வரவில்லை. 1974ஆம் ஆண்டு, ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் ஐந்தாம் வகுப்பில் ஏரிக்கரையில் குடியிருந்த இருளர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் படித்தான். கணக்கில் கெட்டிக்காரன். பள்ளி அலுவலறையில் பரீட்சைக் கட்டணப் பணம் காணாமற்போயிற்று. அவன் தந்தையைக் காவல் நிலையத்திற்கு அழைத்துச் சென்றனர். மறுநாள் முதல் சிறுவன் வரவில்லை. மாத இறுதியில், ‘குடும்பம் ஊர் பெயர்ந்தமையால் பெயர் நீக்கம்’ என்று எழுதிய தாளை நம்மிடம் கொடுத்து, வகுப்பாசிரியர் என்ற முறையில் கையெழுத்திடச் சொன்னார்கள். அக்குடும்பம் எங்கும் பெயரவில்லை. பேருந்தில் வரும்போது அவர்கள் குடிசையை நாள்தோறும் கண்டுகொண்டிருந்தோம். கையெழுத்திட்டோம். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அவன் பெயரின்மேல் கோடும் இட்டோம். சில வாரங்களுக்குப் பின் அப்பணம் பழைய பதிவேடு ஒன்றின் இடையில் கிடைத்தது. ஏரிக்கரைக்குச் சென்று அதைச் சொல்ல எவரும் போகவில்லை. நாமும் போகவில்லை.

நாம் எவரையும் அடிக்கவில்லை. திருடன் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. நின்று பார்த்தோம்; எழுதிக் கொடுத்தோம். பாரிசின் எழுத்தரோடு நம்மை ஒப்பிடுவது மிகை என்று பேத்தி சொல்லக்கூடும். அளவில் மிகைதான், வகையில் மிகையன்று. பணி ஓய்வு பெற்றபின் ஒருமுறை அந்த ஏரிக்கரைக்குச் சென்றோம். அங்கே குடிசைகள் இல்லை. அவன் எங்கிருக்கிறான் என்று சொல்வாரும் இல்லை. அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இவ்விதழின் வாயிலாகக் கேட்டுவிட முடியாது என்பதை அறிவோம். ஆயினும் அறவோர் முன் குற்றத்தைச் சொல்வது முதற்படி என்பதால் சொன்னோம்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் இன்று ஆசிரியராக, வங்கி அலுவலராக, அரசு ஊழியராக, கணிப்பொறி வல்லுநராகப் பணி செய்கின்றனர். எறும்பையும் மிதியாமல் நடக்கக் கற்பித்திருக்கிறோம், நன்று. தம் மேசைக்கு வரும் தாளில் எவருடைய பெயர் இருக்கிறது, கையெழுத்திட்டபின் அப்பெயருக்கு என்ன நேரும் என்று கேட்கவும் கற்பிப்போமாக. இத்தகைய படங்களைப் பிள்ளைகளுக்குத் தக்க வயதில், பெரியோர் உடனிருந்து காட்டுங்கள். கண்டபின், “கொடியவன் யார்?” என்று கேட்க வேண்டா, “ஓரத்தில் நிற்பவர் யார்?” என்று கேளுங்கள்.

பேத்தி கல்லூரிக்குத் திரும்பும் நாளில் தாம்பரம் வரை சென்று வழியனுப்பினோம். பேருந்து புறப்படுமுன் சொன்னோம்: “அந்தக் காவலருக்கும் வினை உண்டு, அம்மா. பாட்டிக்கும் உண்டு.” அவள் நம் கையைப் பற்றிக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

அறம் வளர்க!